சின்ன மனமும் நாம் பட்ட கடனும்

ஆரம்ப வகுப்பொன்றில் ஒரு பிள்ளை அழுகிறது. காரணமில்லாமல் அழுகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைக்குக் காரணம் தெரியும், சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். ஆசிரியை நல்ல மனம் படைத்தவராயின் அருகே அழைத்துத் தலையைத் தடவுவார். இல்லையேல் "பேசாமல் இரு" என்று அதட்டிவிட்டுக் கணக்கைத் தொடர்வார். முதலாமவரை நாம் புகழ்கிறோம். இரண்டாமவரையும் குறை சொல்வதில்லை. அவருக்கு இட்ட வேலை கணக்குப் படிப்பிப்பது. அதை அவர் செய்தார் என்று விட்டுவிடுகிறோம். அப்படியானால் பிள்ளையின் மனத்தைக் கவனிப்பது ஆசிரியரின் தயவு. செய்தால் புண்ணியம், செய்யாவிட்டால் குற்றமில்லை. இந்த எண்ணம் சரிதானா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

தயவு வேறு, நீதி வேறு. கோவில் வாசலில் கையேந்துபவருக்கு ஐம்பது ரூபா கொடுப்பது தயவு. கொடாமல் வந்தால் மனம் உறுத்தலாம். அவர் நம்மை வழிமறித்துக் கேட்க முடியாது. ஆனால் கடைக்காரருக்குக் கொப்பி வாங்கிய பாக்கி ஐம்பது ரூபா இருக்குமானால் அது கடன். அவர் கேட்கலாம், நாம் கொடுத்தே ஆகவேண்டும், கொடுத்ததற்காக எவரும் நமக்கு மாலை போடுவதில்லை. பிள்ளையின் மனத்தை நாம் இவ்விரண்டில் எந்தக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம்?

பழைய மெய்யியலாளர் இதில் பிள்ளைகளின் பக்கம் நிற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அரிஸ்டோட்டில் தமது அறநூலில் ஒரு விசித்திரமான வாதத்தை வைக்கிறார். பிள்ளை தகப்பனின் ஓர் அங்கம் போன்றது; தன் அங்கத்துக்குத் தானே தீங்கு செய்ய எவனும் விரும்பமாட்டான்; ஆகையால் பிள்ளை வளர்ந்து தனித்து நிற்கும் வரைக்கும் தகப்பன் பிள்ளைக்கு அநீதி செய்தான் என்ற பேச்சு முழுமையான பொருளில் எழாது என்கிறார். நம் ஊர்ப் பெற்றோர் அரிஸ்டோட்டிலைப் படித்ததில்லை. ஆனாலும் பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்தெடுங்கள் சேர்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் அவருடைய சீடர்களாகத்தான் பேசுகிறார்கள். என் பிள்ளை, என் உரிமை. அதை இன்று உங்கள் கையில் தருகிறேன் என்பதே அதன் பொருள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு, பாதியை ஏற்று, பாதியைத் திருத்தினார். மகன் என்ற வகையில் பிள்ளை தகப்பனைச் சேர்ந்தது என்பது உண்மை. ஆனால் மனிதன் என்ற வகையில் அது தன்னளவில் தனியாக நிற்கும் ஓர் ஆள். அந்த வகையில் அதற்கு நீதி கடமைப்பட்டிருக்கிறது என்றார். குருமடத்தில் இப்பகுதியைப் படிக்கும்போது பரீட்சைக்காக மனனம் செய்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். ஆறு வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்திப் படித்தால்தான் அதன் கனம் தெரியும்.

நம் நாட்டுச் சட்டம் இந்தக் கடனை இன்னும் இறுக்கமாக்குகிறது. 1998 தொடக்கம் ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயமாயிற்று. 2016 இல் அந்த வயதெல்லை பதினாறாக உயர்ந்தது. நல்ல சட்டந்தான். ஆயினும் அது பிள்ளையிடம் கேட்டுச் செய்யப்பட்டதன்று. வேலை பிடிக்காவிட்டால் நாம் விலகலாம், பங்கு பிடிக்காவிட்டால் அடுத்த பங்கில் பூசை காணலாம். பிள்ளைக்கு வகுப்பை விட்டு எழுந்துபோக வழியில்லை. ஒருவரைக் கட்டாயப்படுத்தி ஓரிடத்தில் இருத்தினால், அவர் அங்கே என்ன படுகிறார் என்பதற்கு இருத்தியவர் பொறுப்பு. கணக்குப் படிக்கும் மூளையை மட்டும் தனியே எடுத்துப் பாடசாலைக்கு அனுப்புவதும் இயலாது. பிள்ளை முழுவதுமாகத்தான் வருகிறது, வீட்டில் நேற்றிரவு நடந்ததையும் சேர்த்துக்கொண்டு.

அப்படி எதைச் சேர்த்துக்கொண்டு வருகிறது? அம்பாறை மாவட்டத்தின் வரிப்பத்தான்சேனையை நினைத்துப் பார்ப்போம். இறக்காமம் பகுதியில், கடலிலிருந்து உள்ளே தள்ளி, வயலும் குளமும் சூழ்ந்த முஸ்லிம் மக்களின் ஊர். நம் வாசகர் பலர் கல்முனைக்குப் போயிருப்பார்கள், இவ்வூரைக் கண்டிருக்கமாட்டார்கள். அயல் சமூகத்தின் ஊரொன்றை நம் பத்திரிகை ஏன் எடுத்துப் பேசவேண்டும் என்று கேட்போர் இருக்கலாம். பிள்ளையின் அழுகை எந்த ஊரிலும் ஒரே பாஷைதான். அதிலும் இங்கே தமிழில்தான் அழுகிறது.

2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு பேரை இழக்கவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை நெடுகத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து மாண்டார்கள். உள்நாட்டு ஊர்களுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரையோரத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்களில் துக்கம் தண்ணீர் நின்ற இடத்தோடு நின்றுவிடுவதில்லை. அன்றைக்கு ஏழு வயதாயிருந்த பிள்ளை இன்று முப்பதை அண்டிய தாய். சிலவேளை அவளே ஆரம்ப வகுப்பு ஆசிரியை. அவளுடைய பயத்தை அன்று யாராவது கேட்டார்களா என்பது, இன்று அவள் முன்னால் அழும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கிறது.

இன்றைய பிள்ளைகளுக்குப் பேரலை ஒரு கதை மட்டுமே. அவர்களுடைய துயரங்கள் சிறியவை, நீண்டவை. உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. தொலைபேசித் திரையில் முகம் தெரிகிறது, மடி இல்லை. வாப்பாவுக்கு வேளாண்மை பொய்த்துக் கடன். 2022 இன் நெருக்கடியில் ஒரு வேளை உணவைக் குறைத்த வீடுகள் எல்லாச் சமூகத்திலும் இருந்தன; அந்த நாட்களில் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் பசியோடுதான் எழுத்துக் கற்றார்கள். இப்படிப்பட்ட பிள்ளை வகுப்பில் அழாமலும் இருக்கலாம். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். பென்சிலைக் களவெடுக்கும். கூப்பிட்டால் திரும்பாது. நாம் அதைக் குழப்படி என்று பெயரிட்டுத் தண்டிக்கிறோம். அழுகிற பிள்ளைக்காவது சிலவேளை தயவு கிடைக்கும்; குழப்படிக்காரனுக்கு அதுவும் இல்லை. தயவை நம்பிப் பிள்ளையை விடுவதில் உள்ள அபாயமே இதுதான்: பார்க்கப் பாவமாக இருக்கும் பிள்ளையைத்தான் அது தேடிப் போகும்.

கடனென்று எண்ணிச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு உதாரணம் தேடித் தூரம் போகவேண்டியதில்லை. வரிப்பத்தான்சேனைக்கு வடக்கே, நம் மட்டக்களப்பிலேயே 1996 இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. உளவளத்துணையில் தேர்ந்த இயேசு சபைக் குரு வண. பிதா போல் சற்குணநாயகமும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் இதற்கு மூலவர்கள். ஹோகன் அதற்கு முன் ரொறன்ரோவில், உடல் இயலாமையுள்ள பிள்ளைகளுக்கான நிலையமொன்றில் இதுபோன்ற தோட்டத்தை நடத்தி அனுபவம் பெற்றவர். மட்டக்களப்பில் அவர்கள் சேர்த்தது போரில் அடிபட்ட பிள்ளைகளை. தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில், ஒரே வேலிக்குள்.

அதன் துணிவை உணர வேண்டுமானால் 1990 ஓகஸ்டை நினைக்க வேண்டும். அந்த ஒரே மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களும், ஏறாவூரில் உறக்கத்தில் இருந்தவர்களும், வீரமுனைக் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்களும் கொல்லப்பட்டார்கள். ஆறு ஆண்டுகள்தான் சென்றிருந்தன. இரு பக்கத்து வீடுகளிலும் மற்றப் பக்கத்தாரின் பெயர் பயத்தோடு உச்சரிக்கப்பட்ட காலம் அது.

அந்தப் பூங்காவில் மருந்து இல்லை, கேள்விப் பத்திரம் இல்லை. களிமண் இருந்தது. வர்ணம், கதை, பாட்டு, நாடகம், மரநிழல் இருந்தன. பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளாக மாதக்கணக்கில் வந்தார்கள். கூட இருந்து நடத்தியவர்கள் இவ்விடத்து இளைஞர்களும் யுவதிகளும். அவர்களிலும் பலர் போரின் காயம் பட்டவர்களே. பிள்ளை தன் கதையைச் சொல்ல வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. களிமண்ணில் எதையோ செய்து, தானே அதை நசுக்கி, மறுபடி செய்யும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், அவருக்கு அவசரமில்லை. முக்கியமான வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன்: அவசரமில்லாத ஒரு பெரியவர். நம் பாடசாலைகளில் மிக அரிதாகக் கிடைப்பதும் அதுவே.

இதற்கு நேர்மாறானதையும் நம் கரை கண்டிருக்கிறது. பேரலைக்குப் பின் எத்தனையோ குழுக்கள் வந்திறங்கின. பலர் உண்மையான அக்கறையோடு வந்தார்கள். பேரலைக்கு நன்றாகத் தொண்டு செய்தவர்களை நாம் மறப்பதற்கில்லை. வேறு சிலரோ பிள்ளைகளை வட்டமாக இருத்தி, அலையை வரையச் சொல்லி, செத்தவர்களைப் பற்றிக் கேட்டு, படம் பிடித்துக்கொண்டு, அடுத்த முகாமுக்குப் போனார்கள். அடுத்த கிழமை இன்னொரு குழு. அதே பிள்ளைகள், அதே அலை. இதுவும் தயவின் பெயரால் நடந்ததுதான். 2007 இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, அனர்த்தத்தின் பின் ஒருமுறை இருத்தி வைத்து நடந்ததைச் சொல்லவைக்கும் முறை வேண்டாம் என்று அறிவுறுத்துகிறது. பாடசாலையை மீளத் திறப்பது, விளையாட்டு, வழக்கமான நாளாந்த ஒழுங்கு ஆகியவற்றுக்கே அது முதன்மை தருகிறது. பிள்ளைக்குப் பேச உரிமை இருப்பதுபோலப் பேசாதிருக்கவும் உரிமை உண்டு. கடன்காரன் கடனைக் கொடுக்கப் போகிறவன். வீட்டுக்குள் புகுந்து பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறவனல்லன்.

இனி அடியைப் பற்றி. "அடியாத மாடு படியாது" என்பதை நம் வீடுகளில் வேதவாக்கியம் போலச் சொல்கிறார்கள். மாட்டைப் பற்றியது அந்தப் பழமொழி என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கிறேன். புனித அகுஸ்தீனார் தமது சுயசரிதையில், பாடசாலையில் அடிபடாதிருக்கத் தாம் சிறுவனாக இருந்தபோது கடவுளை மன்றாடியதை எழுதியிருக்கிறார். அடிகளைக் கண்டு பெரியவர்கள் சிரித்தார்களாம். தமக்கு எந்தத் தீங்கும் நினையாத பெற்றோரும் சிரித்தார்களாம். அவர் அதை எழுதியபோது ஆயர். நாற்பது வயதைக் கடந்தவர். அடியின் வலி எப்போதோ போயிருக்கும், அந்தச் சிரிப்பு போகவில்லை. இங்கே நம் கல்வி அமைச்சு 2005 இல் சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடல்தண்டனையைத் தடைசெய்தது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியரின் அறையால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமையின் மீறல் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் பேசிய மொழி தயவின் மொழியன்று என்பதைக் கவனியுங்கள்.

இப்போது ஓர் ஆசிரியை என்னை இடைமறித்துக் கேட்கலாம்: "சுவாமி, நாற்பது பிள்ளைகள். பாடத்திட்டம் முடிக்க வேண்டும். வலயத்திலிருந்து கேட்கிறார்கள். நான் வைத்தியரா?" இந்தக் கேள்வி நியாயமானது. கடன் ஆசிரியையின் தனிக் கடனன்று. அவரை நாற்பது பிள்ளைகளோடு தனியே விட்டிருக்கும் நாம் எல்லோரும் சேர்ந்து பட்ட கடன் அது. வைத்தியர் தேவைப்படும் பிள்ளையை வைத்தியரிடம்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்பதை முதலில் காண்பவர் வகுப்பாசிரியரே. ஆரம்ப வகுப்பில் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் அதே பிள்ளைகளோடு இருக்கிறார். மேல் வகுப்புகளில் கிடையாத வாய்ப்பு இது. அத்தோடு 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்றையும் வகுத்திருந்தது. விளையாட்டு அதில் பாடத்தின் ஒரு பகுதி. அதைப் பிடுங்கி எழுத்து வேலைக்குக் கொடுத்தது நாமே.

செலவில்லாத வழிகளும் உண்டு. போலந்து நாட்டு யூத வைத்தியர் யானுஸ் கோர்ச்சாக் வார்சோவில் நடத்திய அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் ஒரு தபாற்பெட்டி இருந்தது. சொல்ல முடியாததைப் பிள்ளைகள் எழுதிப் போடலாம். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றமும் இருந்தது. பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். கோர்ச்சாக் தாமே அதன் முன் நின்றிருக்கிறார். அதன் சட்டக் கோவையில் பெரும்பகுதி மன்னிப்பதைப் பற்றியதே. நம் அதிபர்மார் இதைக் கேட்டுத் திடுக்கிடுவார்கள்; நீதிமன்றம் இருக்கட்டும், தபாற்பெட்டியையாவது வைத்துப் பார்க்கலாம். தம்மைக் காப்பாற்ற வந்த உதவிகளை மறுத்து, 1942 ஓகஸ்டில் நாசிகள் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளைக் கொலைமுகாமுக்குக் கொண்டுசென்றபோது அவர்களோடு கூடவே போன மனிதர் கோர்ச்சாக். பிள்ளையின் மரியாதையைப் பற்றி அவர் எழுதியவை மேசையிலிருந்து எழுதப்பட்டவையல்ல.

கடைசியாக, நம் வீடுகளைத் தொடும் விஷயம்: ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. 1940களில் கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு, கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறக்க வந்தது அது. அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். அதனால் உயர்ந்தவர்கள் நம் குருக்களிலும் உண்டு. ஆனால் இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் அதற்கு இருத்தப்படுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேலே வருவோர் சிறு பகுதியினர். மற்றவர்கள் தோற்றவர்கள் என்ற எண்ணத்தோடு ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள். 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாயின; மறுபடி எழுத வேண்டுமா இல்லையா என்று தெரியாமல் பிள்ளைகள் டிசம்பர் 31 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை காத்திருந்தார்கள். பெரியவர்கள் செய்த களவுக்குப் பிள்ளைகளின் மூன்று மாதம்.

வரிப்பத்தான்சேனையாயினும் நம் பங்குகளாயினும் இதில் வித்தியாசமில்லை. அதிகாலை ரியூசன், பாடசாலை, மாலை ரியூசன், இரவில் மாதிரி வினாத்தாள். விளையாட்டு "பரீட்சைக்குப் பிறகு". பிள்ளையின் வயிற்றுவலிக்கு வைத்தியரிடம் கொண்டுபோகிறோம். வலி வினாத்தாளின் வயிற்றில் இருக்கிறது. பெற்றோர் கொடியவர்கள் அல்லர். தமக்குக் கிடையாததைப் பிள்ளைக்குத் தேடுகிறார்கள். அரிஸ்டோட்டில் சொன்ன அங்கம் இங்கேதான் மறுபடி தலைகாட்டுகிறது: பிள்ளையின் புள்ளி தகப்பனின் புள்ளியாகிறது, பிள்ளையின் தோல்வி தாயின் தலைகுனிவாகிறது. தனி ஆளாக அதைக் காணும் கண் மங்கிவிடுகிறது.

அடுத்த பெறுபேறு வரும்போது சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களோடு சந்தியில் பதாகை கட்டுவார்கள். பங்குச் சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் அதற்குப் பணம் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. இம்முறை அந்தப் பணத்தில் ஆரம்பப் பாடசாலை முற்றத்தில் இரண்டு ஊஞ்சல் போடலாமா என்று கூட்டத்தில் ஒருவராவது எழுந்து கேட்டால் நல்லது. படம் இல்லாத பிள்ளைகளும் மறுநாட் காலையில் அதே சந்தியால்தான் பாடசாலைக்கு நடந்துபோக வேண்டும்.